சுவரும் சமிக்ஞையும்: திசுக்களில் கால்சியம் பற்றிய அறிவின் வரலாறு

கால்சியம் என்றவுடன் எலும்பும் பல்லும் நம் நினைவுக்கு வருவதில் வியப்பில்லை. வளர்ந்த மனிதனுடைய சரீரத்தில் ஏறக்குறைய 1 கிலோகிராம் அளவுக்கு இருக்கும் அப்பொருளில் 99 சதவிகிதம் அவ்விரண்டிலுமே அடங்கிவிடுகிறது. எஞ்சிய 1 சதவிகிதமோ ரத்தத்திலும் தசையிலும் நரம்பிலும் பரவி நின்று, இருதயத்தின் துடிப்பு முதல் காயத்தில் ரத்தம் உறைவது வரை பல காரியங்களுக்கு ஆதாரமாகிறது. பெரும்பங்கின் பயன் எளிதில் விளங்கிற்று. சிறுபங்கின் பயனை அறிய நெடுங்காலம் பிடித்தது. சுவரெழுப்பும் பொருளாகக் கருதப்பட்ட ஒன்று, உயிரணுக்களுக்குச் செய்தி சொல்லும் பொருளாக அறியப்பட்ட வரலாற்றை நிரல்படக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சுண்ணாம்பு உலகுக்குப் பழம்பொருள். அதனுள் அடங்கிய உலோகத்தை 1808-ஆம் ஆண்டில் ஹம்ப்ரி டேவி மின்சாரத்தின் துணைகொண்டு பிரித்தெடுத்து, கால்சியம் என்று பெயரிட்டார். 1860-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜெர்மனியில் சாக்ஸும் க்னோப்பும் மண்ணை அறவே விலக்கி, உப்புகள் கரைத்த நீரிலேயே செடிகளை வளர்த்துக் காட்டியதனால், தாவரத்துக்கு இன்றியமையாதவை எவை என்பதை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தறிய வழி பிறந்தது. கால்சியம் இல்லாத கரைசலில் முதிர்ந்த இலைகள் பசுமையோடு நிற்க, வேர்நுனியும் இளந்தளிரும் முதலில் மடிகின்றன. ஏனெனில், வேர் உறிஞ்சும் நீரோடு மேலேறி ஓர் இலையில் குடிபுகுந்த கால்சியம் அங்கிருந்து பெயர்வது மிக அரிது. அணுச் சுவர்களுக்கிடையே பெக்டின் என்னும் பசையோடு இணைந்து அது அவற்றைப் பிணைக்கிறது. மிகுந்தது ஆக்ஸாலிக் அமிலத்தோடு கூடிப் படிகமாகிறது. சேனைக்கிழங்கை நறுக்கும்போது கையில் எழும் அரிப்புக்கு ஊசி வடிவான அப்படிகங்கள் தோலில் தைப்பது ஒரு முக்கிய காரணம். அதை அடக்கவே நம் வீடுகளில் புளி சேர்த்துச் சமைக்கிறார்கள்.

கால்சியம் கட்டடப் பொருளே என்ற எண்ணத்தை அசைத்தது லண்டனில் நேர்ந்த ஒரு தவறு. பல்கலைக் கல்லூரி ஆஸ்பத்திரியில் வைத்தியராக இருந்த சிட்னி ரிங்கர், தவளையின் இருதயத்தைப் பிரித்தெடுத்து, உப்புநீரைச் செலுத்தித் துடிக்கவைக்கும் பரிசோதனைகளை 1882-இல் பிரசுரித்தார். வாலையில் வடித்த நீரில் உப்பைக் கரைத்ததாகவே அவர் நம்பியிருந்தார். நியூ ரிவர் கம்பெனி நகரத்துக்கு விநியோகித்த குழாய்நீரே அதில் சேர்ந்திருந்தது என்பது பின்னர் தெரியவந்தது. மெய்யாகவே வடித்த நீரைக் கொண்டு அவர் திரவத்தைத் தயாரித்தபோது, துடிப்பு படிப்படியாகத் தளர்ந்து சுமார் 20 நிமிஷத்தில் நின்றுபோயிற்று. குழாய்நீரில் பத்து லட்சம் பங்குக்குச் சுமார் 38 பங்கு கால்சியம் இருந்தது. அந்தச் சிற்றளவைச் சேர்த்ததும் அடங்கிய இருதயம் மறுபடி துடித்தது. 1883-இல் ரிங்கர் தம் பிழையை ஒளிக்காமல் எடுத்துரைத்து, கால்சியத்தின் அவசியத்தையும், அதன் மிகுதியைப் பொட்டாசியம் சமன்செய்வதையும் விளக்கினார். இன்று நோயாளிகளின் ரத்தக்குழாயில் ஏற்றப்படும் ரிங்கர் லாக்டேட் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

ரிங்கர் திறந்த வழியில் வேறு திசுக்களின் சேதிகளும் வந்தன. 1890-இல் பிரான்ஸில் ஆர்த்தஸும் பாஜேயும், ஆக்ஸலேட் உப்பைச் சேர்த்துக் கால்சியத்தைப் பிரித்துவிட்டால் ரத்தம் உறையாது என்றும், கால்சியத்தை மீண்டும் அளித்தால் உறையும் என்றும் காட்டினர். 1909-இல் அமெரிக்காவில் மக்கல்லமும் வோக்ட்லினும், பாராதைராய்டு சுரப்பிகளை நீக்கிய நாய்களுக்கு உண்டாகும் கொடிய தசைவலிப்பு, கால்சிய உப்பைச் செலுத்தியதும் தணிவதைக் கண்டனர்.

எனினும், அணுவின் உள்ளே அது செய்வது யாது என்ற வினா எஞ்சியது. 1947-இல் ஹைல்புரூனும் வியர்சின்ஸ்கியும் தவளையின் தசைநாருக்குள் பல உப்புக்களைத் தனித்தனியே செலுத்திப் பார்த்து, மிக நீர்த்த நிலையிலும் நாரைச் சுருங்கச் செய்வது கால்சியமே என்று நிறுவினர். 1960-களில் ஜப்பானிய அறிஞர் எபாஷி, கால்சியத்தை ஏற்றுச் சுருக்கத்தைத் தொடங்கிவைக்கும் டிரோபோனின் என்ற புரதத்தை அடையாளங்காட்டினார். அணுவுக்கு வெளியே உள்ளதில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு கால்சியமே, ஓய்ந்திருக்கும் அணுவின் உள்திரவத்தில் கரைந்திருக்கிறது. சக்தியைச் செலவிட்டு அணு அதை ஓயாமல் வெளியேற்றுகிறது. பாஸ்பேட்டுகளோடு கூடிப் படிந்துவிடும் இயல்புள்ள அப்பொருளை உள்ளே மிகவிடுவது ஆபத்து. அவ்வாறு விலக்கி வைத்திருப்பதனாலேயே, சிறிதளவு உட்புகுந்தாலும், நள்ளிரவில் தாழ்ப்பாள் ஒலித்தாற்போல அணு முழுவதும் விழித்துக்கொள்கிறது.

தாவரத்துக்கும் இந்நியதி பொருந்தும் என்பதை 1991-இல் எடின்பரோ ஆராய்ச்சியாளர் கண்கூடாக்கினர். கால்சியத்தைத் தொட்டதும் ஒளிரும் ஏக்குவோரின் என்ற ஜெல்லிமீன் புரதத்தைப் புகையிலை இனச் செடியில் தோன்றச் செய்து, அச்செடியைத் தீண்டியபோதும் திடீரெனக் குளிரவைத்தபோதும் ஒளி மிகுவதை அளந்தறிந்தனர். நரம்பில்லாத செடியும் தீண்டலை உணர்ந்து கால்சியத்தால் பேசுகிறது.

இவ்வரலாற்றின் முடிவில் நின்று நோக்குங்கால், சுவருக்கும் சமிக்ஞைக்கும் உள்ள உறவு தெளிவாகிறது: எந்த அணுவும் தன்னுள் மிகவிடாத பொருளை, விலங்கு எலும்பாக அடுக்கி வேண்டும்போது ரத்தத்துக்கு அளிக்கிறது, தாவரம் சுவரில் பதித்து, மிச்சத்தைப் படிகமாக்கி ஒதுக்குகிறது. சேனைக்கிழங்கு நறுக்கிய கையில் ஊறும் அரிப்பிலும் அந்த விலக்கின் அடையாளம் இருக்கிறது.