கண்டப் பெயர்ச்சி

கண்டப் பெயர்ச்சி என்பது, கண்டங்கள் ஓரிடத்தில் நிலைத்திராமல் புவியின் மேற்பரப்பில் மெல்ல இடம்பெயர்ந்து வருகின்றன என்னும் கொள்கை. ஜெர்மானிய வானிலை அறிஞர் ஆல்பிரட் வெகனர் 1912-இல் இதை முன்வைத்தார். அரை நூற்றாண்டுக் காலம் நிலவியல் அறிஞர்களில் பெரும்பாலோர் இதை ஏற்கவில்லை. 1960-களில் இது புவித்தட்டு இயக்கக் கொள்கையாக விரிந்து நிலைபெற்றது. நிலநடுக்கம், எரிமலை, மலைகளின் தோற்றம் ஆகியவற்றை இன்று பள்ளிப் பாடநூல்கள் இதைக் கொண்டே விளக்குகின்றன.

அமிழ்ந்த நிலம் என்னும் விளக்கம்

கடலால் பிரிந்த நாடுகளில் ஒரே வகை உயிர்கள் இருப்பது எப்படி? இடையிலிருந்த நிலம் கடலில் அமிழ்ந்துவிட்டது என்பதே 19-ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் பலரின் விடை. மடகாஸ்கரின் லெமூர்களுக்கு உறவான தேவாங்கு தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்கிறது. இத்தகைய ஒற்றுமைகளைக் கண்ட ஆங்கிலேய விலங்கியலாளர் பிலிப் ஸ்கிளேட்டர், 1864-இல் இந்தியப் பெருங்கடலில் ஒரு பழங்கண்டம் இருந்ததாகக் கருதி அதற்கு லெமூரியா எனப் பெயரிட்டார். பின்னாளில் தமிழ் எழுத்தாளர்கள் பலர் அதைப் பழைய உரைகள் கூறும் கடல்கோளோடு இணைத்து, குமரிக்கண்டம் என்று எழுதினர்.

குளோசோப்டெரிஸ் என்னும் நாக்கு வடிவ இலைத் தாவரத்தின் புதைபடிவங்கள் இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் கிடைத்தன. இந்தியாவும் ஆப்பிரிக்காவும் ஒரே நிலப்பரப்பின் பகுதிகளாக இருந்தவை என்றார் ஆஸ்திரிய அறிஞர் எடுவர்ட் சூஸ். கோண்டு மக்களின் நாட்டைக் குறிக்கும் பெயரால் அதை அவர் 1885-இல் கோண்டுவானா நிலம் என்று அழைத்தார். வதங்கும் பழத்தின் தோல் சுருங்குவதுபோல், குளிர்ந்துவரும் புவி சுருங்கும்போது சில பகுதிகள் அமிழ்ந்தன என்பது அவர் எண்ணம்.

இவ்வெண்ணத்தை அசைத்த சான்றுகளுள் ஒன்று இந்திய நில அளவையிலிருந்து வந்தது. 1802-இல் சென்னைப் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய பணி அது. அளவை வடக்கே சென்றபோது, நில அளவைக்கும் வானியல் கணக்குக்கும் இடையே சிறு வேறுபாடு தெரிந்தது. இமயமலை தன் ஈர்ப்பால் தூக்குக்குண்டைத் தன் பக்கம் இழுத்ததே காரணம் எனக் கருதிய ஜான் பிராட், அந்த இழுப்பைக் கணக்கிட்டார். உண்மையில் காணப்பட்டதோ அதைவிடக் குறைவு. மலையின் அடியிலும் இலேசான பாறையே ஆழம்வரை இறங்கியிருக்கிறது என்று 1855-இல் ஜார்ஜ் ஏரி விளக்கினார். நீரில் மரக்கட்டை மிதப்பதுபோல் இலேசான கண்டப் பாறை கனத்த அடிப்பாறையின்மேல் மிதக்கிறது. அப்படியானால், ஒரு கண்டம் முழுவதும் கடலடியில் மூழ்கிவிட முடியாது.

வெகனரின் கொள்கை

நிலம் மூழ்கவில்லையென்றால் விலகியிருக்க வேண்டும் என்று வெகனர் வாதிட்டார். 1912 ஜனவரி 6 அன்று பிராங்க்பர்ட் நகரில் இதைப் பேசினார். 1915-இல் நூலாக வெளியிட்டார். எல்லாக் கண்டங்களும் ஒருகாலத்தில் ஒரே நிலமாக இருந்தன என்றார். அது பின்னர் பாஞ்சியா எனப்பட்டது. தென்னமெரிக்க, ஆப்பிரிக்கக் கரைகளின் பொருத்தம், புதைபடிவங்கள், வெப்பநாடுகளில் காணப்படும் பழைய பனியாற்றுத் தடங்கள் ஆகியவை அவருடைய சான்றுகள். அதே 1912-இல் தென்துருவத்திலிருந்து திரும்பும் வழியில் இறந்த ராபர்ட் ஸ்காட் குழுவினர் சேகரித்திருந்த பாறைகளில் குளோசோப்டெரிஸ் இருந்தது பின்னர் தெரியவந்து, புதைபடிவச் சான்று வலுப்பெற்றது.

கண்டத்தை நகர்த்தும் விசை எது என்ற கேள்விதான் அவரைத் தோற்கடித்தது. புவியின் சுழற்சியையும் அலை ஈர்ப்பையும் அவர் காரணம் காட்டினார். அவை மிகமிக வலுவற்றவை என்று ஹெரால்டு ஜெப்ரீஸ் போன்றோர் மறுத்தனர். புவி மேலோட்டுக்கு அடியிலுள்ள கவசத்தில் நிகழும் வெப்பச்சலனமே அந்த விசை என்று ஆர்தர் ஹோம்ஸ் 1920-களின் இறுதியில் கூறினார். அதை அன்று நிறுவ வழியில்லை. 1930 நவம்பரில் கிரீன்லாந்துப் பனிவெளியில் வெகனர் இறந்தார்.

கடலடித் தளம் தந்த விடை

1952-இல் அமெரிக்காவின் மேரி தார்ப், கப்பல்கள் திரட்டிய ஆழ அளவுகளை வரைந்தபோது அட்லாண்டிக் நடுமலைத் தொடரின் உச்சியில் நீண்ட பிளவுப் பள்ளத்தைக் கண்டார். அத்தகைய பிளவுகளில் பாறைக்குழம்பு மேலெழுந்து புதிய கடல்தளமாகி இருபுறமும் விலகுகிறது என்று ஹாரி ஹெஸ் 1962-இல் எழுதினார். புதுப்பாறை உறையும்போது அன்றைய புவிக்காந்தத் திசை அதில் பதிந்துவிடும். காந்தத் திசை அவ்வப்போது தலைகீழாவதால், பிளவின் இருபுறமும் ஒத்த பட்டைகள் அமைய வேண்டும். இந்தியப் பெருங்கடலின் கார்ல்ஸ்பெர்க் தொடரில் எடுத்த அளவுகளைக் கொண்டு பிரெட் வைனும் டிரம்மண்ட் மேத்யூஸும் 1963-இல் இவ்விளக்கத்தை வெளியிட்டனர். 1967-68-இல் மெக்கென்சி, மார்கன், லெ பிஷோன் ஆகியோரின் ஆய்வுகளால், கண்டமும் கடல்தளமும் சேர்ந்த தட்டுகளே நகர்கின்றன என்பது தெளிவானது.

இந்தியத் தட்டு

மடகாஸ்கரைவிட்டு ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்த இந்தியா, ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவுடன் மோதியது. இடையிலிருந்த தெத்திஸ் கடலின் படிவுகள் மடிந்து உயர்ந்து இமயமலையில் சேர்ந்தன. கண்டகி ஆற்றில் எடுத்துப் பூசிக்கப்படும் சாளக்கிராமம், பழங்கடலில் வாழ்ந்த அம்மோனைட் உயிரியின் புதைபடிவமே. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குக் காரணமான நிலநடுக்கம், சுமத்ரா அருகே இந்தியத் தட்டு பர்மாத் தட்டின் அடியில் நழுவியதால் விளைந்தது.

பரங்கிமலை, பல்லாவரம் குன்றுகளின் பாறைக்குத் தாமஸ் ஹாலந்து 1893-இல் சார்னோக்கைட் எனப் பெயரிட்டார். அவ்வகைப் பாறை இலங்கையிலும் மடகாஸ்கரிலும் கிழக்கு அண்டார்க்டிகாவிலும் இருப்பது, இந்நிலங்கள் ஒருகாலத்தில் சேர்ந்திருந்ததைக் காட்டுகிறது. தட்டு இன்றும் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 செ.மீ. வடகிழக்காக நகர்கிறது. அக்கணக்கில், லாம்டன் அடிக்கோடு அளந்த நிலம் அன்றிருந்த இடத்திலிருந்து 10 மீட்டருக்கு மேல் விலகி வந்திருக்கிறது.