பூக்கொய்தலும் பாத்தொகுத்தலும்

பல புலவர்தம் பாக்களைத் திரட்டிய நூலினை ஆங்கிலத்தார் ‘ஆந்தாலஜி’ என்பர். ஈற்றில் ‘லஜி’ நிற்றலால், பயாலஜி, ஜியாலஜி போல இதனையும் ஓர் ஆய்வுத்துறையின் பெயரெனக் கொள்வார் உளர். அது பொருந்தாது. கிரேக்கத்தில் ‘அந்தொஸ்’ மலர். ‘லெகெயின்’ கொய்து திரட்டல். எனவே ‘அந்தொலொகியா’ பூக்கொய்தலே ஆகும். திரட்டலைக் குறித்த அவ்வினை எண்ணுதல், எடுத்துரைத்தல், பேசுதல் எனப் பொருள் விரிந்தது. அதன்வழிப் பிறந்த ‘லோகொஸ்’ என்னும் சொல்லே துறைப்பெயர்களின் ‘லஜி’க்கு மூலம். வேர் ஒன்று, கிளை இரண்டு.

இலத்தீனில் இதற்கு உறவான ‘லெகெரே’ திரட்டுதல், தேர்தல், படித்தல் மூன்றையும் குறித்தது. கலெக்ஷன், எலெக்ஷன், லெக்சர் எல்லாம் அதன் வழித்தோன்றல்களே. (விரிவுரையாளர் பூக்கொய்வார்க்கு உறவினர் என்பது எனக்கு மகிழ்ச்சியே!)

பெயருக்கு முன்னரே பொருள் தோன்றிற்று. இன்றைய ஜோர்டானிலுள்ள கதாராவிற் பிறந்த சிரியரான மெலெயாகர், கி.மு. 100ஐ ஒட்டிக் கிரேக்கக் குறும்பாக்களைத் தொகுத்து, ‘மாலை’ என்றே பெயரிட்டார். முகப்புப் பாவில் ஒவ்வொரு புலவருக்கும் ஒரு மலரோ தழையோ வழங்கினார். சாப்போவுக்கு ரோஜா, அனிதேவுக்கு அல்லி, வசைபாடிய ஆர்க்கிலோக்கசுக்கு முள்ளுடைச் செடி. திறனாய்வை இதனினும் சுருக்கமாகச் செய்தார் அரியர். நம் ‘தொகை’யில் மலர் இல்லை, ‘பாமாலை’யில் உண்டு.

பிற்கால இலத்தீனார் இச்சொல்லை உறுப்புக்கு உறுப்பாகப் பெயர்த்து ‘புளோரிலேகியம்’ என்றனர். சமயச் சான்றோர் உரைகளிலிருந்து திரட்டிய மேற்கோள் நூல்களுக்கு அது பெயராயிற்று. பாட்டு நீங்கி அறவுரை புகுந்தது. மலர் உலர்ந்ததென்றே சொல்வேன். 1612இல் பிராங்க்பர்ட்டில் எம்மானுவேல் ஸ்வீர்ட் வெளியிட்ட ‘புளோரிலேகியம்’ மெய்ம்மலர்களின் படநூல். அதுவும் கிழங்கு விற்பனைக்கான பட்டியல்!

மெலெயாகரின் மாலை தனிநூலாக எஞ்சவில்லை. கி.பி. 900ஐ ஒட்டிக் கான்ஸ்தாந்திநோப்பிளில் கெஃபலாஸ் செய்த பெருந்தொகையுட் கலந்தே அதன் பாக்கள் பிழைத்தன. பிளானூதேஸ் என்னும் துறவி மற்றொரு தொகை செய்தார். அது 1494இல் புளோரன்சில் அச்சேறியபோது ‘அந்தொலொகியா’ என்னும் பெயரைத் தாங்கி வந்தது. கெஃபலாஸ் தொகையைத் தழுவிய பத்தாம் நூற்றாண்டுக் கையெழுத்துப்படி ஹைடல்பர்க்கில் இருந்தது. 1623இல் அது போர்க்கொள்ளையாக உரோமுக்கும், 1797இல் பாரிசுக்கும் சென்றது. 1816இல் பெரும்பகுதி மட்டுமே ஹைடல்பர்க் திரும்பியது. எஞ்சிய ஏடுகள் பாரிசில் தங்கிவிட்டன. மலர்ப்பெயர் சூட்டிய அந்த முகப்புப் பா, திரும்பிய பகுதியில் இருக்கிறது.