ரொட்டிக்கு ஓர் எண்

ஐரோப்பாவில் ஏதோ ஒரு நகராட்சி ரொட்டி வாங்க டெண்டர் விடுகிறது என்று வையுங்கள். தொகை குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால், அறிவிப்பில் 15811100-7 என்ற எண் இருக்கும். போர்ச்சுகீசிய மொழியில் ஓர் எழுத்துகூடத் தெரியாத போலந்து பேக்கரிக்காரர், அந்த எண்ணைத் தட்டியே லிஸ்பன் டெண்டரைப் பிடித்துவிடலாம். ரொட்டியை அவ்வளவு தூரம் அனுப்பினால் கட்டுபடியாகுமா என்பது வேறு கதை.

இந்த எண் வருவதற்கு வெகு முன்பே, பெரிய அரசுக் கட்டுமான வேலைகளை ஐரோப்பியச் சமூகத்தின் (இன்றைய ஐரோப்பிய ஒன்றியம்) உறுப்பு நாடுகள் அனைத்துக்கும் தெரியும்படி அறிவிக்க வேண்டும் என்ற விதி 1971-இல் வந்தது. சமூகத்தின் அரசிதழுக்கு 1978 முதல் ‘எஸ்’ என்றொரு இணைப்பிதழே இதற்காக வெளியானது. ஊரறியச் சொல்லியாயிற்று என்று வாங்கும் அலுவலகம் கை கழுவிக்கொண்டது. தனக்கான வேலை எந்தப் பக்கத்தில், எந்த மொழியில், எந்தப் பெயரில் ஒளிந்திருக்கிறது என்று தேடுவது விற்பவர் பாடு.

பொருள்களுக்கு எண் கொடுப்பது புதிதல்ல. சுங்கத்துக்கு ஒரு பட்டியல், புள்ளிவிவரத் துறைக்கு ஒரு பட்டியல் என்று ஏற்கெனவே இருந்தன. ஆனால், டெண்டர் தேடுகிறவரை மனதில் வைத்து அவற்றை யாரும் எழுதவில்லை. புள்ளிவிவரப் பட்டியலைத் திருத்தித்தான் ஐரோப்பிய ஆணையம் 1993-இல் ‘சிபிவி’ என்ற பொதுக் கொள்முதல் சொற்பட்டியலை உருவாக்கியது. 1996-இல் அதைப் பயன்படுத்துமாறு பரிந்துரைத்தது. பரிந்துரையை யார் மதிக்கிறார்கள்? 2002-இல் சட்டமாக்க வேண்டியிருந்தது. இதற்கிடையே இணைப்பிதழின் அச்சுப் பதிப்பு 1998-இல் நின்று, ‘டெட்’ என்ற டெண்டர் மின்தளம் முன்னுக்கு வந்தது. தேடுபெட்டி வந்த பிறகுதான் எண்ணுக்கு உயிர் வந்தது.

முதல் இரண்டு இலக்கங்கள் பெரும்பிரிவு. 15 என்றால் உணவு, 33 என்றால் மருத்துவக் கருவிகள், 45 என்றால் கட்டுமானம். அடுத்தடுத்த இலக்கங்கள் வேலையைக் குறுக்கிக்கொண்டே போகும். கோட்டுக்குப் பின்னால் வரும் ஒற்றை இலக்கம் தட்டச்சுப் பிழையைக் காட்டிக்கொடுக்க.

பிறவிக் குறை ஒன்றும் இருந்தது. பட்டியல் பல இடங்களில், ஒரு பொருள் எதனால் செய்யப்பட்டது என்று பார்த்தே பிரித்தது. நாற்காலி வாங்க வருகிறவருக்கு வேண்டியது நாற்காலி. மரமா, உலோகமா என்பது பிறகு. பொருளை முன்னிறுத்தித் திருத்திய பட்டியல் 2008 செப்டம்பரில் நடப்புக்கு வந்தது. 9,000-க்கும் மேற்பட்ட எண்கள் கொண்ட இந்தப் பட்டியல்தான் இன்றும் புழங்குகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிரிட்டன் 2021 ஜனவரி 1 முதல் தனக்கென டெண்டர் தளம் வைத்துக்கொண்டது. எண்களை மட்டும் மாற்றவில்லை.

பட்டியல் எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் எண்ணைத் தேர்ந்தெடுப்பவர் அவசரத்தில் இருக்கும் ஓர் அலுவலர். பள்ளிக்கூரை வேலைக்கு 45261-இல் தொடங்கும் எண் இருக்க, வெறும் 45000000 என்று போட்டுவிட்டுப் போய்விடுவார். கூரை எண்ணுக்கு மட்டும் மின்னஞ்சல் எச்சரிக்கை வைத்திருப்பவருக்கு அந்த டெண்டர் கண்ணில் படாது. அனுபவப்பட்ட ஒப்பந்ததாரர்கள் தாய் எண்ணையும் சேர்த்தே கண்காணிப்பார்கள். கூடவே ‘கூரை’ என்ற சொல்லையும் நாலைந்து மொழிகளில் போட்டுவைப்பார்கள்.