30 வருஷமா சிகரெட்... இனி விட்டா பலன் இருக்கா? 20 நிமிஷத்தில் தொடங்கி 15 வருஷம் வரை உடலில் நடப்பது என்ன?

"முப்பது வருஷமா இழுத்தாச்சுங்க. இனி விட்டு என்ன ஆகப்போகுதுங்க?" தாராபுரம், திருப்பூர் பக்கம் ஷிப்ட் முடிந்து டீக்கடை பெஞ்சில் உட்காரும் ஐம்பது வயசுக்காரர்கள் சொல்லும் வழக்கமான பதில் இது. ஆனால், விட்டால் நிறையவே ஆகும் என்கிறது மருத்துவம்.

50, 60 வயசுல விட்டா பலன் உண்டா?

உண்டு. பிரிட்டனில் 1951-ல் தொடங்கி 50 ஆண்டுகள் டாக்டர்களையே கவனித்து ஒரு ஆய்வு நடந்தது. புகைப்பழக்கத்தை விடாதவர்கள், புகைக்காதவர்களை விட சராசரியாக 10 ஆண்டுகள் முன்னதாகவே இறந்தது அதில் தெரியவந்தது. 40 வயதில் விட்டவர்களுக்கு சுமார் 9 ஆண்டுகள், 50-ல் விட்டவர்களுக்கு 6, 60-ல் விட்டவர்களுக்கு 3 ஆண்டுகள் ஆயுள் திரும்பக் கிடைத்தது.

விட்ட பிறகு உடலில் என்ன நடக்கும்?

• 20 நிமிடம்: இதயத் துடிப்பு குறையத் தொடங்கும்.
• 12 மணி நேரம்: ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு இயல்பு நிலைக்கு வரும்.
• 1 முதல் 9 மாதம்: இருமலும் மூச்சு வாங்குவதும் குறையும்.
• 1 ஆண்டு: மாரடைப்பு அபாயம், புகைப்பவருக்கு இருப்பதில் பாதியாகும்.
• 10 ஆண்டு: நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் அபாயம் சுமார் பாதியாகும்.
• 15 ஆண்டு: இதய நோய் அபாயம், புகைக்காதவருக்கு நெருக்கமாக வரும்.

மில் வேலை பார்ப்பவர்களுக்கு ஏன் கூடுதல் ஆபத்து?

பஞ்சுத் தூசியைத் தொடர்ந்து சுவாசித்தால் 'பிசினோசிஸ்' என்ற நுரையீரல் நோய் வரலாம். வார லீவு முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாளில் நெஞ்சு இறுக்கமாக இருப்பது இதன் முக்கிய அறிகுறி. தூசியோடு புகையும் சேர்ந்தால் பாதிப்பு அதிகம். ஸ்பின்னிங் மில்லில் இருப்பவர்கள் இதை "சாதாரண இருமல்தானே" என்று விடக்கூடாது.

கஷ்டமான நாட்கள் எவை?

முதல் 3 நாட்கள்தான். எரிச்சல், தூக்கமின்மை, பசி எல்லாம் அப்போது உச்சத்தில் இருக்கும். 2 முதல் 4 வாரங்களில் அடங்கிவிடும். 'ஒண்ணே ஒண்ணு பிடிக்கலாமா' என்ற வேகம் பெரும்பாலும் சில நிமிடங்களில் தணியும். அந்த நேரத்தில் தண்ணீர் குடியுங்கள், கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள். டீயும் தம்மும் ஜோடி என்றால், சில வாரங்களுக்கு டீ குடிக்கும் இடத்தை மாற்றுங்கள். புகையை விட்டதும் காஃபின் உடலில் அதிக நேரம் தங்கும். எனவே டீ, காபியைக் குறைத்தால் படபடப்பு வராது.

எண்ணிக்கையைக் குறைத்தால் போதாதா?

போதாது. தினமும் ஒரே ஒரு சிகரெட் பிடித்தாலும், 20 பிடிப்பவருக்கு இருக்கும் கூடுதல் இதய நோய் அபாயத்தில் ஏறக்குறைய பாதி இருக்கும். பீடிக்கோ மெல்லும் புகையிலைக்கோ மாறுவதும் தீர்வல்ல. இ-சிகரெட் இந்தியாவில் 2019 முதல் தடை செய்யப்பட்டுள்ளது.

உதவி எங்கே கிடைக்கும்?

சிகரெட் பாக்கெட்டிலேயே நம்பர் இருக்கிறது: 1800-11-2356. இது கட்டணமில்லா அரசு உதவி எண். தமிழிலும் பேசலாம். நிகோடின் சூயிங்கம்மை சாதாரண பபிள்கம் போல மென்றுகொண்டே இருக்கக்கூடாது. காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். இதய நோயாளிகள் டாக்டரிடம் கேட்டுவிட்டுப் பயன்படுத்துங்கள். வேறு மாத்திரைகளும் உண்டு, ஆனால் டாக்டர் சீட்டு கட்டாயம். சளியில் ரத்தம், காரணமில்லாத எடை குறைவு, 2 வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

கண்டக்டராக இருந்த நாட்களில் கணக்கில்லாமல் சிகரெட் பிடித்ததாகவும், மனைவி லதாதான் அன்பால் தன்னை மாற்றினார் என்றும் நடிகர் ரஜினிகாந்த் 2023 ஜனவரியில் சென்னை மேடை ஒன்றில் சொன்னார். திட்டுவதை விட, கூட நிற்பது உதவும். விட்டவர் மறுபடி ஒன்றைப் பற்ற வைத்துவிட்டால் "அவ்வளவுதான், உன்னால முடியாது" என்று சொல்லாதீர்கள். பலருக்கும் முதல் முயற்சியிலேயே விட முடிவதில்லை. மறுநாளே மீண்டும் தொடங்கலாம்.