மன்றோ சிலை

சென்னை தீவுத்திடல் அருகே உயர்ந்த கருங்கல் பீடத்தின்மேல் குதிரையேறி நிற்கும் வெண்கலச் சிலை மன்றோ சிலை. 1820 முதல் 1827 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த சர் தாமஸ் மன்றோவின் நினைவாகப் பொதுமக்கள் நன்கொடையில் செய்யப்பட்டது. லண்டன் சிற்பி பிரான்சிஸ் சாண்ட்ரி வடித்த இச்சிலை 1839-இல் திறக்கப்பட்டது.

சிலையில் சேணமும் இல்லை, அங்கவடியும் இல்லை. சிற்பி மறந்துவிட்டார், பிறகு வெட்கித் தற்கொலை செய்துகொண்டார் என்பது சென்னையில் நெடுநாளாக உலவும் கதை, அதில் உண்மையில்லை. லண்டன் டிரபால்கர் சதுக்கத்தில் உள்ள நான்காம் ஜார்ஜ் மன்னரின் சிலையையும் சாண்ட்ரி இப்படித்தான் வடித்தார். பழைய ரோமானியச் சிலைகளின் பாணியை ஒட்டியது அது.

மன்றோ 1761-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பிறந்தவர். கிழக்கிந்தியக் கும்பினிப் படையில் சேர்ந்து 1780-இல் சென்னைக்கு வந்தார். ஹைதர் அலி, திப்பு சுல்தான் போர்களுக்குப் பின் அலெக்சாண்டர் ரீடின் கீழ் பாராமகாலில், அதாவது இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில், நிலவரி வேலை பழகினார். ஜமீன்தாரை இடையில் வைக்காமல் உழவரிடமே அரசு வரி பெறும் ரயத்துவாரி முறை அங்கே உருவானது. 1800-இல் நிஜாம் விட்டுக்கொடுத்த கடப்பை, பெல்லாரிப் பகுதிகளுக்குத் தலைமைக் கலெக்டராகி, 1807 வரை அதை அங்கே விரிவாக நடத்தினார். இடைத்தரகர் ஒழிந்தாலும் வரிச்சுமை ஒழியவில்லை. தீர்வையைக் கால்பங்கு குறைக்க வேண்டுமென்று 1807-இல் மன்றோவே பரிந்துரைத்தார். ஆயினும் அச்சீமையில் அவர் பெயர் மங்கவில்லை, பிள்ளைகளுக்கு முன்றோலப்பா என்றுகூடப் பெயரிட்டார்கள்.

திருமலையிலும் அவர் பெயர் வழங்குகிறது: அங்கே நைவேத்தியம் படைக்கும் 'மன்றோ கங்காளம்' என்னும் பாத்திரம் அவர் கொடுத்தது என்பது கோயில் வழக்கு.

1827 ஜூலை 6-இல் சுற்றுப்பயணத்தின்போது பட்டிகொண்டாவில் காலராவால் மன்றோ இறந்தார். குத்தியில் அடக்கம் செய்யப்பட்ட உடல் பின்னர் சிலைக்கு அருகிலுள்ள புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்துக்குக் கொண்டுவரப்பட்டது.

மவுண்ட் ரோட்டில் இன்னொரு ஸ்காட்லாந்துக்காரருக்கும் சிலை இருந்தது. 1857 எழுச்சியைக் கொடூரமாக ஒடுக்கிய ஜேம்ஸ் நீல்தான் அவர். அச்சிலையை அகற்றக் கோரி 1927-இல் காங்கிரஸ் தொண்டர்கள் போராடிச் சிறை சென்றார்கள். 1937-இல் ராஜாஜி அரசு அதை அங்கிருந்து அகற்றியது. மன்றோ சிலையை அப்படி யாரும் அசைக்கவில்லை. இந்தியர் தம்மைத் தாமே ஆளும் நாள் வரும் என்று 1824-இலேயே எழுதிவைத்த ஆளுநர் அவர் என்பது அதற்கு ஒரு காரணமாகலாம்.