மெஷினுக்கு ஏது சம்பளச் சீட்டு?

அமெரிக்கா வந்த புதுசுல யூனிவர்சிட்டி லைப்ரரியில பகுதிநேர வேலை கிடைச்சுது. பக்கத்து கவுண்டர்ல நிரந்தர ஊழியரா ஒரு அம்மா. அவங்க சம்பளத்துல 7.65% பிடித்தம், என் சீட்டுல அந்த இடமே காலி. என்னை மாதிரி எஃப்-1 விசா மாணவர்களுக்கு அந்த வரி கிடையாதாம். இது என்னடா கதைன்னு தோண்ட ஆரம்பிச்சேன்.

ரூஸ்வெல்ட் 1935-ல் கையெழுத்திட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டம்தான் மூலம். 1937-ல் வசூல் தொடங்கியபோது தொழிலாளிக்கு 1%, முதலாளிக்கு 1%, அதுவும் வருஷத்துல முதல் 3,000 டாலருக்கு மட்டும். 1990-லிருந்து மெடிகேரும் சேர்த்து ஆளுக்கு 7.65%. மத்திய அரசின் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்தச் சம்பள வரிகள்தான்.

இப்ப மெஷின் பக்கம் வாங்க. 1962-ல் கென்னடி ஆட்சியில், இயந்திரம் வாங்கினால் விலையில் 7% வரைக்கும் வரியில் தள்ளுபடி வந்தது. 1986-ல் ரீகன் காலத்தில் அது ஒழிந்தது. 2002-ல் வேற வேஷத்துல திரும்ப வந்துச்சு: வாங்கின வருஷமே விலையில் 30% கூடுதல் தேய்மானம். 2017 சட்டம் அதை 100% ஆக்கியது.

"சம்பளத்தையும்தான் செலவுன்னு கழிச்சுக்கறாங்களே?"ன்னு கேட்பீங்க. நியாயம்தான். ஆனா அந்தச் சம்பளத்து மேல முதலாளி தனியா 7.65% கட்டணும், வாங்கறவரும் கட்டணும். மெஷினுக்கு ரெண்டும் இல்லை. 2020-ல் டாரன் அசெமொக்லு குழு போட்ட கணக்குப்படி உழைப்பு மேல் வரி 25 சதவீதத்துக்கும் அதிகம். கருவி, மென்பொருள் மேல் 2017 சட்டத்துக்கு அப்புறம் சுமார் 5%தான்.

மிச்சமாகிற கூலி லாபமாகி அதுக்கும் வரி வருமேன்னா, வரும். ஆனா கம்பெனி லாப வரியே 2018-லிருந்து 35-லிருந்து 21 சதவீதமாச்சே! தென்கொரியா 2017-ல் புது வரி எதுவும் போடாம, தானியங்கி முதலீட்டுக்கான சலுகையைக் குறைப்பதா அறிவிச்சுது. எனக்கு அது புத்திசாலித்தனமாத்தான் படுது.

போன செமஸ்டர் எங்க கவுண்டர்லயும் மெஷின் வந்துடுச்சு. அந்த அம்மாவுக்கு வேலை நேரம் பாதி. என் வேலைக்கு ஒண்ணும் ஆகலை. அவங்க சம்பளத்துல பிடிச்ச காசுலதான் இன்னைக்கு யாரோ ஒரு தாத்தாவுக்கு பென்ஷன் போகுது. சம்பளம் பாதின்னா அதுவும் பாதி. வரிக் கணக்குல நானும் அந்த மெஷினும் ஒரே கட்சிங்கிறது அன்னைக்குத்தான் உறைச்சுது. அப்புறம் அவங்க முகத்தைப் பார்த்து "குட் மார்னிங்" சொல்லவே கூச்சமா இருக்கு.

நீங்க என்ன நினைக்கறீங்க மக்களே?