சக்கரத்தின் பிடிப்பு

திருவள்ளூர் மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டி வட்டத்தில் தேர்வாய் கண்டிகை என்றோர் ஊர் உண்டு. சென்ற தலைமுறையில் அவ்வட்டாரத்தாரன்றிப் பிறர் அதன் பெயரை அறிந்திருக்க மாட்டார். இன்று இரண்டு காரணங்களால் அப்பெயர் வெளியூர்களிலும் வழங்குகிறது. சென்னைக்குக் குடிநீர் தேக்கிவைக்கக் கட்டப்பெற்று 2020-ஆம் ஆண்டு நவம்பரில் திறக்கப்பட்ட கண்ணன்கோட்டை–தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம் ஒன்று. மற்றொன்று, அங்குள்ள சிப்காட் தொழிற்பூங்காவில் பிரான்சு நாட்டு மிஷெலின் நிறுவனம் அமைத்த டயர்த் தொழிற்சாலை. 2009-ஆம் ஆண்டில் அந்நிறுவனத்துக்கும் தமிழ்நாட்டு அரசுக்கும் இதற்கென உடன்பாடு ஏற்பட்டது. தொழிற்பூங்காவாகிய நிலம் ஊரார் ஆடுமாடு மேய்த்து வந்த நிலமாதலால் எதிர்ப்பும் எழுந்தது. 2012-இல் அம்முறையீடு பிரான்சு வரையிற் சென்றது. அவ்வரலாறு தனியே, பொறுமையாகச் சொல்லத்தக்கது. இன்று நான் எடுத்துக்கொண்டது, லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் அங்கே செய்யத் தொடங்கிய ரேடியல் டயர் என்னும் பொருளின் வரலாறு.

டயரைப் பற்றிப் பேசுமுன் மாட்டுவண்டியைச் சற்று நினைத்துப் பாருங்கள். என் இளமையில் இப்பகுதியில் கட்டைவண்டிகள் மிகுதி. மரச் சக்கரத்தைச் சுற்றி, நெருப்பிற் காய்ச்சிய இரும்புப் பட்டையை மாட்டித் தண்ணீர் ஊற்றுவார்கள். பட்டை சுருங்கிச் சக்கரத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். அப்பட்டை வழவழப்பாயிருந்தும் வண்டிக்குக் குறையொன்றும் நேரவில்லை. ஏன்? வண்டியை இழுப்பது மாடு. நிலத்தைப் பற்றுவது அதன் குளம்பு. திருப்புவதும் நிறுத்துவதும் பெரும்பாலும் மாட்டின் வேலையே. சக்கரம் வெறுமனே உருண்டால் போதும்.

மோட்டார் வண்டியில் இந்நிலை தலைகீழாயிற்று. உந்துவதும், திருப்புவதும், நிறுத்துவதும் ஆகிய மூன்று பொறுப்பும் சக்கரத்தின் தலையில் விழுந்தன. எஞ்சினுக்கு எத்தனை குதிரைத்திறன் இருந்தாலென்ன, பிரேக்கு எவ்வளவு உறுதியாயிருந்தாலென்ன, சக்கரம் சாலையைப் பற்றவில்லையெனில் அவை பயன்படா. வண்டி ஓட்டுபவனுடைய சொல்லைக் கேட்பது டயர் தரையைத் தொடும் இடத்தில்தான்.

அவ்விடம் எவ்வளவு என்று ஒரு கணக்குப் போடுவோம். ஆட்களோடு 1,200 கிலோ எடையுள்ள கார் ஒன்று. சக்கரத்துக்கு 300 கிலோ. டயரிலுள்ள காற்றழுத்தம் சதுர அங்குலத்துக்கு 32 பவுண்டு, அஃதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.25 கிலோ. 300-ஐ 2.25-ஆல் வகுத்தால் 133 சதுர சென்டிமீட்டர் வருகிறது. 12 சென்டிமீட்டர் நீளமும் 11 சென்டிமீட்டர் அகலமுமான இடம், விரல்களை நீக்கிய உள்ளங்கையைவிடச் சற்றே பெரிது. டயரின் விறைப்பினால் இக்கணக்குச் சிறிது மாறலாம். ஆயினும் ஒரு குடும்பமே ஏறிச் செல்லும் கார் இத்தகைய நான்கு துண்டு நிலத்தை நம்பியே ஓடுகிறது.

வியப்பு என்னவென்றால், காற்றடைத்த டயரைக் கண்டவர்கள் பிடிப்பை நாடி அதைக் காணவில்லை. 1839-இல் அமெரிக்கராகிய சார்லஸ் குட்இயர், ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் அது வெயிலில் இளகாமலும் குளிரில் நொறுங்காமலும் நிற்குமெனக் கண்டார். 1845-இல் ராபர்ட் வில்லியம் தாம்சன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் குதிரை வண்டிச் சக்கரத்துக்குக் காற்றுக் குழாய் பொருத்தி உரிமம் பெற்றார். அது விலையும் உழைப்பும் மிகுந்த பொருளாயிருந்தமையால் உலகம் அதை மறந்தது. 1888-இல் பெல்பாஸ்டு நகரில் கால்நடை மருத்துவராயிருந்த ஜான் பாய்டு டன்லப், தம் மகனுடைய மூன்று சக்கரச் சைக்கிள் அதிராமல் ஓடவேண்டுமென்று மறுபடியும் அதையே கண்டுபிடித்தார். மறக்கப்பட்ட தாம்சனின் உரிமம் பின்னர் வெளிவரவே, டன்லப்பின் உரிமம் செல்லாமற் போயிற்று.

பிரான்சில் கிளேர்மோன்-பெரான் என்னும் நகரில் தொழில் நடத்திய அந்திரே, எதுவார் மிஷெலின் என்ற உடன்பிறந்தார் இருவர் 1891-இல் எளிதாகக் கழற்றி மாட்டத்தக்க சைக்கிள் டயரைச் செய்தனர். 1895-இல் நடந்த பாரிசு–போர்தோ–பாரிசு மோட்டார்ப் பந்தயத்தில் காற்றடைத்த டயர் மாட்டிய காரைத் தாமே ஓட்டினர். வெற்றி கிட்டவில்லை. வழியெங்கும் டயர்கள் பழுதாயின. ஆனால் காற்றின்மீது காரை ஓட்டலாம் என்பது மெய்ப்பிக்கப்பட்டது.

வண்டிகளின் வேகம் ஏறிய பின்னரே பிடிப்பு பற்றிய கேள்வி எழுந்தது. இங்கே உங்கள் பாடப்புத்தகம் உங்களைச் சற்றே மயக்கக்கூடும். 1699-இல் பிரெஞ்சு அறிஞர் அமோந்தோன் வகுத்த விதிப்படி, உராய்வு விசை எடையைப் பொறுத்தது, தொடும் பரப்பைப் பொறுத்ததன்று. அப்படியாயின் அகலமான டயர் எதற்கு என்று வகுப்பில் மாணவர் என்னைக் கேட்டதுண்டு. நல்ல கேள்வி! மரக்கட்டைக்கும் இரும்புக்கும் பொருந்தும் அவ்விதி ரப்பருக்கு முழுவதும் பொருந்தாது. ரப்பர் சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் இறங்கி அமுங்குகிறது. வெளியேறும்போது, உள்வாங்கிய ஆற்றல் முழுவதையும் திருப்பித் தருவதில்லை. அவ்வாறு இழந்த ஆற்றலும், பரப்புகளிடையே உள்ள ஒட்டுதலும் சேர்ந்து பிடிப்பாகின்றன. இவ்வுண்மையைக் குரோஷ் என்னும் ஆராய்ச்சியாளர் 1963-இல் சோதனைகளால் விளக்கினார்.

ஆகவே மெதுவான ரப்பர் நன்றாகப் பற்றும், விரைவில் தேயும். கடினமானது நெடுநாள் உழைக்கும், ஈரத்தில் வழுக்கும். டயர் வாங்குவோர் இவ்விரண்டில் ஒன்றை விட்டுக் கொடுத்தே மற்றொன்றைப் பெற்று வந்தனர். 1990-களில் ரப்பரிற் கரிப்பொடிக்குப் பதிலாகச் சிலிக்காவைக் கலக்கும் முறை பரவியபின் அப்பிணக்கு ஓரளவு தணிந்தது.

ரப்பரைவிட முக்கியமானது அதனுள் மறைந்துள்ள நூல் என்பது என் கருத்து. பழைய டயர்களில் நூலடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கும் மறுக்குமாகச் சாய்ந்து கிடந்தன. வளைவில் வண்டி சாயும்போது டயரின் பக்கச் சுவர் வளைந்தால், சாலையைத் தொடும் பகுதியும் உடன் கோணிக்கொள்ளும். அந்த உள்ளங்கையளவு நிலத்திலும் ஒரு பகுதி கைநழுவிப் போகும். 1946-இல் மிஷெலின் நிறுவனம் வேறொரு அமைப்புக்கு உரிமம் பெற்றது. அதை வகுத்தவர் மரியுஸ் மினியோல், அந்நிறுவனத்தின் அச்சுப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தவர்! நூல்களைச் சக்கரத்தின் ஆரக்கால்போல விளிம்பிலிருந்து விளிம்புக்கு நேராக ஓட விட்டு, மேலே எஃகுக் கம்பிப் பட்டை ஒன்றைச் சுற்றினார்கள். பக்கச் சுவர் தன் விருப்பப்படி வளைய, தரையைத் தொடும் பகுதி படிந்தபடியே இருந்தது. 1949-இல் விற்பனைக்கு வந்த இதுவே ரேடியல் டயர். நம் கட்டைவண்டியின் இரும்புப் பட்டை மீண்டும் சக்கரத்தில் ஏறிக்கொண்டது என்றுகூட வேடிக்கையாகச் சொல்லலாம்.

நன்மையோடு ஒரு புதிய இடரும் வந்தது. திரும்பும் கார் எதுவாயினும், அதன் டயர் தான் நோக்கும் திசைக்குச் சற்றே விலகித்தான் உருளும். அவ்விலகலுக்கு ஏற்பவே பக்கவாட்டுப் பிடிப்பு உண்டாகிறது. ஒரே விலகலில் ரேடியல் டயர் பழைய டயரைவிட அதிக விசை தரும். முன்னே ரேடியலும் பின்னே பழைய வகையும் மாட்டினால், முன்பகுதி சட்டெனத் திரும்பிவிடும். பின்பகுதி அதைத் தொடரமாட்டாமல் வெளியே வீசப்பட்டு வண்டி சுழலும். இதனாற்றான் பிரிட்டனில் அவ்வாறு கலந்து மாட்டுவதைச் சட்டமே தடுத்தது. ஒரே கார், ஒரே ஓட்டுநர், ஒரே சாலை. டயர்களை எங்கே மாட்டினோம் என்பதில் உயிர் தங்கியிருந்தது.

நம் நாட்டுக்கு ரேடியல் வந்து சேரப் பல்லாண்டுகள் ஆயின. 1946-இல் திருவொற்றியூரில் விளையாட்டுப் பலூன் செய்யும் சிறு கொட்டகையாகத் தோன்றிய மெட்ராஸ் ரப்பர் பாக்டரி, 1961-இல் டயர்த் தொழிலுக்கு வந்தது. கார்களுக்கான ரேடியல் டயரை ஜே.கே. நிறுவனம் 1977-இல் இந்தியாவில் அறிமுகம் செய்தது. லாரிகள் அதை ஏற்க இன்னும் நெடுங்காலம் தயங்கின. மிகுபாரமும், குண்டும் குழியுமான சாலையும், திரும்பத் திரும்ப ரீட்ரேடு செய்யும் வழக்கமும் பழைய டயருக்கே துணை நின்றன.

மழைக்காலத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் நம் நெடுஞ்சாலைகளில் நீர் தேங்குவதை அறிவீர்கள். டயரின் பள்ளங்கள் அந்நீரை வெளியேற்றும் வாய்க்கால்களாகும். ஓட்டுநர்கள் ‘பட்டன்’ என்று கூறும் மேடுகள் தேய்ந்து டயர் மொட்டையானால் நீர் போக வழியில்லை. டயர் நீரின்மேல் ஏறி மிதக்கும். ஸ்டீரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனமாகிய நாசா, விமானங்களின் பொருட்டு இதனை ஆராய்ந்து 1963-இல் ஒரு சூத்திரம் வெளியிட்டது. காற்றழுத்த எண்ணின் வர்க்கமூலத்தை 10.35-ஆல் பெருக்கினால் மிதக்கத் தொடங்கும் வேகம் மைலில் கிடைக்கும். 32 பவுண்டு அழுத்தத்தில் அது மணிக்கு 94 கிலோமீட்டர். காற்றுக் குறைந்து 20 பவுண்டானால் 74 கிலோமீட்டரிலேயே மிதக்கும். கார் டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என நம் நாட்டு விதி கூறுகிறது. என்னைக் கேட்டால், அடைமழைக்கு அதுவே போதாது.

நான்கையும் மாற்றப் பணமில்லாதவர் இரண்டு மட்டும் புதிதாக வாங்குவர். அவற்றை முன்னே மாட்டுவதா, பின்னே மாட்டுவதா? முன் சக்கரமே திருப்புகிறது, ஆகவே முன்னே என்பது பலருடைய முடிவு. முன்சக்கரம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்க வாய்ப்புண்டு. பின்சக்கரம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும். எனவே புதியவை பின்னேயே இருத்தல் வேண்டும் என்பதே டயர் செய்வோரின் பரிந்துரை. கவரைப்பேட்டை வழியே செல்லும் நெடுஞ்சாலையோரத்து டயர்க் கடைகளில், புதியதை முன்னே மாட்டச் சொல்லி நிற்பவர்களை நான் இன்னமும் காண்கிறேன்.